வைப்பருக்கு மீன் தராசு... தெரியுமா?

பழைய காரில் போகும்போது நல்ல மழையில் மாட்டியிருக்கிறீர்களா? முதல் தூறலுக்கு வைப்பர் ஒழுங்காகத்தான் கிளம்பும். நாலு தடவை போய் வரும். ஐந்தாவது தடவை முக்கி முனகி மேலே ஏறி, டிரைவரின் மூக்குக்கு நேரே குச்சி நட்டது போல நின்றுவிடும்! அந்த நேரத்தில் காருக்குள் இருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "மோட்டார் போச்சு!"

போகவில்லை! பழைய பிரிட்டிஷ் கார்களில் வைப்பர் படுத்துக்கொண்டால், மோட்டார்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். இதை ஒரு மோட்டார் காசைத் தொலைத்த பிறகு கற்றுக்கொண்டோம்.

என் நண்பர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 1960-களில் மதராஸில் செய்த கார். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு நம்மூர்ப் பெயர் அது. பிறந்த வீட்டில் அந்த காருக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான் என்பது தெரியுமா? நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் தயாரானது! பின்சீட்டில் மாமனார் மாமியார் ஏறி இறங்கும் ஊரில் இரண்டு கதவை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அந்த ஹெரால்டின் வைப்பர் ஒரு ஐப்பசி மழையில் படுத்துக்கொண்டது. நண்பர் நேரே பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனார். பேரம் பேசி ஒரு பழைய மோட்டாரை வாங்கி வந்தார். மாட்டினோம். (மாட்டியது அவர்; ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்.) சுவிட்சைப் போட்டால் அதே முக்கல், அதே முனகல், அதே இடத்தில் அதே குச்சி!

அப்புறம்தான் வயதான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். அவரை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். போனட்டைத் திறந்தார். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் போனட்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாய் அப்படியே உட்கார்ந்தார், சுவிட்சைப் போடச் சொன்னார், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"மோட்டார் நல்லாத்தானே சார் ஓடப் பாக்குது? அதை ஏன் கழட்டினீங்க?" என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்:

"வீட்ல மீன் தராசு இருக்கா?"

மோட்டார் ஒரு பக்கம், வைப்பர் ஒரு பக்கம்!

கொக்கி மாட்டிய ஸ்பிரிங் தராசு இருக்கிறதே, அதைத்தான் பாய் கேட்டார். ஏன் என்று புரிய, அந்த வைப்பர் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தால் வாய் பிளந்து போவீர்கள்!

ஹெரால்டு, எம்.ஜி.பி. போன்ற கார்களில் வைப்பர் மோட்டார் கண்ணாடிக்கு அடியில் இருக்காது. தள்ளி, என்ஜின் அறையில் ஒரு மூலையில் இருக்கும். அங்கிருந்து ஒரு இரும்புக் குழாய் டேஷ்போர்டுக்குப் பின்னால் வளைந்து நெளிந்து போகிறது. குழாய்க்குள் ஒரு கேபிள். பார்வைக்குப் பிரேக் கேபிள் மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்தால் வேறு! கேபிளைச் சுற்றி இன்னொரு கம்பியைத் திருகுச் சுற்றாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் பல். வளைகிற பல்சட்டம்! ஒவ்வொரு வைப்பர் தண்டின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பல்சக்கரம். மோட்டார் கேபிளை முன்னும் பின்னும் தள்ளி இழுக்க, சக்கரங்கள் இடமும் வலமும் திரும்ப, வைப்பர்கள் ஆடுகின்றன. மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. அதன் பல்சக்கரத்தில் ஓரமாக நட்ட ஒரு முளையும் அதில் மாட்டிய கைக்கம்பியும்தான் சுழற்சியைத் தள்ளு-இழுவாக மாற்றுகின்றன. தையல் மெஷினை மிதிக்கும்போது கால் மேலும் கீழும் போக, சக்கரம் சுற்றுகிறதே, அதையே தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கதியில் முதலில் செத்துப்போவது எது தெரியுமா? குழாய்க்குள் இருக்கும் கிரீஸ்!

கிரீஸ் என்றால் கெட்டியான எண்ணெய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. கிரீஸ் என்பது எண்ணெய் குடித்த சோப்பு! லித்தியம் சோப்போ கால்சியம் சோப்போ பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கிறது. ஐம்பது அறுபது வருஷத்தில் எண்ணெய் கசிந்தும் காய்ந்தும் போய்விட, மிச்சம் இருப்பது வெறும் சோப்பு. மெழுகு போல இறுகி, கேபிளைக் குழாயோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. உயவுக்காக வைத்ததே பிரேக் ஆகிவிடுகிறது! பாவம், அந்த மோட்டார் கண்ணாடியில் தண்ணீரைத் தள்ளுவதற்கு முன்னால் இந்தச் சோப்போடு மல்லுக்கட்டியாக வேண்டும்.

பாய் வைப்பர் கைகளைக் கழற்றினார். மோட்டார் மூடியைத் திறந்து, கேபிளின் முனையில் இருக்கும் கட்டையை விடுவித்தார். அதன் துளையில் தராசுக் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தார். முள் நகர்ந்தது... இரண்டு, நாலு, ஆறு... ஏழு கிலோவைத் தாண்டிய பிறகுதான் கேபிள் அசைந்தது!

எவ்வளவு இருக்க வேண்டும் தெரியுமா? இதே வகைக் கேபிள் வைத்த எம்.ஜி.பி. காரின் ஒர்க்‌ஷாப் கையேடு 6 பவுண்டு என்கிறது. அதாவது 2.7 கிலோ! அதற்கு மேல் போனால் குற்றவாளி குழாய்தான் என்று அர்த்தம். ஸ்பிரிங் தராசு வைப்பதும் பாயின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, கையேட்டிலேயே இருக்கிற சோதனை. நம் ஆட்கள் மீன் தராசு என்கிறார்கள், அவ்வளவுதான்.

புதுப் பல் காத்துக்கொண்டிருக்கிறது!

கேபிளை முழுக்க உருவியெடுத்தோம். பழுப்பும் கறுப்புமாக, வெல்லப்பாகு காய்ந்தது போலப் படலம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். குழாயை எப்படிச் சுத்தம் செய்வது? சைக்கிள் பிரேக் கேபிளின் நுனியில் துணிக்கிழிசலைக் கட்டி, மண்ணெண்ணெயில் நனைத்து, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தார் பாய். முதல் துணி தார் பூசியது போல வந்தது. எட்டாவது துணிதான் துணி நிறத்தில் வந்தது.

அப்புறம் காட்டினார் ஒரு வித்தை! இந்த ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

வைப்பர் தண்டுகளை ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று இருந்தன. பல்சக்கரத்தின் பல் தேய்ந்துவிட்டது. "மாத்தணுமா பாய்?" என்று நண்பர் பர்ஸைத் தொட்டுக்கொண்டே கேட்டார். பாய் சிரித்தார். "வைப்பர் முழு வட்டமா சுத்துது சார்? அரைவட்டம்கூடப் போகல. அப்ப சக்கரத்துல எத்தனை பல்லு வேலை செஞ்சிருக்கும்?"

அட! கண்ணாடியில் வைப்பர் போய்வரும் கோணம் ஏறக்குறைய வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியென்றால் சக்கரத்திலும் மூன்றில் ஒரு பங்குப் பல்தான் அறுபது வருஷமாக உழைத்திருக்கிறது. மிச்சப் பல்லெல்லாம் ஆலையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே, கன்னி கழியாமல் இருக்கிறது! கேபிளை உருவிவிட்டால் போதும். தண்டை அரைச்சுற்று திருப்பி வைத்து, கேபிளை மறுபடி உள்ளே விட்டால், புதுப் பல்லில் மாட்டிக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லை. கேபிளையும் அச்சில் கொஞ்சம் உருட்டி வைத்தால் அதுவும் தேயாத பக்கத்தைக் காட்டும். ஒரே காரில் இரண்டு ஆயுள் வைப்பர்! இதை வடிவமைத்த புண்ணியவான் யோசித்துத்தான் செய்தாரோ, தற்செயலாக அமைந்ததோ, யாராயிருந்தாலும் ஒரு கும்பிடு.

கேபிளை மறுபடி உள்ளே விடும் முன், மெல்லிய புது கிரீஸை விரலில் எடுத்து அதில் தடவினார். அள்ளி அப்பவில்லை. தராசை மாட்டி இழுத்தோம். முள் இரண்டு கிலோவைத் தொடவில்லை!

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். நின்றுபோன வைப்பரைக் கையால் பிடித்து இழுக்கிறோமே, அது மகா பாவம்! மோட்டாருக்குள் இருப்பது திருகுப்பல். திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் திருகைச் சுற்றாது. இந்தப் பக்கத்திலிருந்து நாம் இழுத்தால் அந்தப் பலமெல்லாம் பல்லின் மேல் போய் விழும். மழையில் ஜன்னல் வழியே கையை நீட்டி வைப்பரை இழுத்தவன் நான்தான் என்பதை அப்போது சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எண்ணெய் குடிக்கும் வெண்கலம், வேகத்தைக் கூட்டும் தடை!

மோட்டாருக்குள்ளும் ஆச்சரியங்கள் உண்டு. சுற்றும் ஆர்மேச்சரைத் தாங்கி நிற்கும் வெண்கல புஷ், உருக்கி வார்த்தது இல்லை தெரியுமா? உலோகத் தூளை அழுத்தி, சூளையில் சுட்டு எடுத்தது! தூளுக்கு நடுவே நுண்துளைகள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் வெறும் ஓட்டை. அந்த ஓட்டை முழுக்க எண்ணெயை ஊறவைத்துத்தான் மாட்டுவார்கள். தண்டு சுற்றிச் சூடேறினால் எண்ணெய் வெளியே வரும். ஆறினால் மறுபடி உள்ளே போய்விடும்! இதில் போய் பெட்ரோலை ஊற்றிக் கழுவினால் என்ன ஆகும்? இருக்கிற எண்ணெயும் போகும், மோட்டார் கிறீச்சிடும். மெல்லிய என்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு எடுப்பதுதான் வைத்தியம்.

இன்னொன்று கேளுங்கள். மின்தடையைச் சேர்த்தால் மோட்டார் மெதுவாகும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இரண்டு வேகம் வைத்த பழைய லூகாஸ் கம்பெனி மோட்டார்கள் சிலவற்றில் தடையைச் சேர்த்தால் வேகம் கூடும்! காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளில் அந்தத் தடை போய் உட்காருகிறது. புலம் மெலிகிறது, புலம் மெலிந்தால் ஆர்மேச்சரை எதிர்த்துத் தள்ளும் மின்னழுத்தம் குறைகிறது, ஆர்மேச்சர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. என்ன, தள்ளும் பலம் மட்டும் கொஞ்சம் குறையும்.

பேட்டரியின் பிளஸ் மைனஸை மாற்றி மாட்டினாலும் இந்தச் சுருள்வகை மோட்டார் அதே திசையில்தான் சுற்றும் என்பது தெரியுமா? சுருளிலும் ஆர்மேச்சரிலும் மின்னோட்டம் ஒன்றாகத் திரும்பிவிடுகிறது. இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்! 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த். அதைப் பின்னாளில் மாற்றிக்கொள்கிறவர்கள் ரேடியோவுக்குக் கவலைப்படலாம், இந்த வைப்பர் மோட்டாருக்கு வேண்டாம். நிலைக்காந்தம் வைத்துப் பிறகு வந்த மோட்டார்கள் அப்படி இல்லை, எதிர்த்திசையில் சுற்றும்.

சரி, சுவிட்சை அணைத்தவுடன் வைப்பர் அந்த இடத்திலேயே நிற்காமல், ஓரத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறதே, எப்படி? மோட்டார் மூடிக்குள் இன்னொரு குட்டி சுவிட்ச் இருக்கிறது! பழைய லூகாஸ் முறையில் டேஷ்போர்டு சுவிட்ச் கரன்ட்டை அனுப்புவதில்லை. கரன்ட் எப்போதும் மோட்டாரில் காத்திருக்கும், சுவிட்ச் அதற்கு எர்த் மட்டும் கொடுக்கும். நாம் அணைத்த பிறகும் மூடிக்குள் இருக்கும் சுவிட்ச் திருட்டுத்தனமாக எர்த் கொடுத்துக்கொண்டே இருக்கும். வைப்பர் ஓரத்துக்கு வந்த நொடியில் கையை எடுத்துவிடும். அதனால், எங்கே அணைத்தாலும் அங்கேயே நின்றால் அந்தச் சின்னத் தொடுமுனையில் அழுக்கு. உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, முடிந்தது. சுத்தமாக உயிரே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ், இரண்டாவது எர்த் ஒயர். ஓரத்தைத் தாண்டியோ ஓரத்துக்கு வராமலோ நின்றால்? மோட்டார் மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் படுக்கும் இடம் நகரும்! ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி.

இரண்டு பர்மிங்காம்!

லூகாஸ் கம்பெனியை வெளிநாட்டுப் பழைய கார் பிரியர்கள் எப்படிக் கிண்டல் செய்வார்கள் தெரியுமா? 'இருட்டின் இளவரசர்' என்று! ஹெட்லைட் அணைந்து அணைந்து போகுமாம். எனக்கு அந்தக் கிண்டலில் பாதி உடன்பாடில்லை. அறுபது வருஷம் கழித்து மண்ணெண்ணெயில் குளித்துவிட்டு மறுபடி வேலைக்கு வரும் வைப்பரை எப்படிக் கிண்டல் செய்வது?

மண்ணெண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ஜோசப் லூகாஸ், இங்கிலாந்தின் பர்மிங்காம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர்! அவர் விற்ற அதே சரக்குதான் இன்று அவர் பெயர் பொறித்த வைப்பரைக் கழுவுகிறது. அந்த லூகாஸ் கம்பெனி 1961-ல் டி.வி.எஸ்.ஸுடன் கைகோத்து, நம் சென்னைப் பாடியில் ஆலை வைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் வைப்பரைக் கண்டுபிடித்தவர் இன்னொரு பர்மிங்காம்காரர். அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிற பர்மிங்காம்! மேரி ஆண்டர்சன் என்ற அம்மையார் 1902-03 குளிர்காலத்தில் நியூயார்க்கில் டிராமில் போனார். பனி விழுந்து கண்ணாடி மறைக்க, டிராம் ஓட்டுபவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கியபடி ஓட்டினார். ஊருக்குத் திரும்பிய மேரி, உள்ளே இருந்தபடியே கைப்பிடியைத் திருப்பி வெளியே கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வரைந்தார். ரப்பர் கண்ணாடியில் அழுந்த ஒரு எதிர்எடையும் அதில் இருந்தது. 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை கிடைத்தது. 1905-ல் கனடாவில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார். இதற்கெல்லாம் வியாபார மதிப்பு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! 1920-ல் காப்புரிமை காலாவதியானது. அதற்குப் பிறகுதான் கார்கள் பெருகின, ஒவ்வொரு காரிலும் வைப்பர் ஏறியது. மேரிக்கு ஒரு காசு வரவில்லை. 1953-ல் அவர் இறந்தார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது 2011-ல்!

இங்கிலாந்திலும் ஒருவர் பனியில் மாட்டினார். கிளாட்ஸ்டன் ஆடம்ஸ், 1908-ல் லண்டனில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டு நியூகாசில் பக்கம் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். பனி. நிறுத்து, இறங்கு, துடை, ஏறு. மறுபடி நிறுத்து, இறங்கு! போதாக்குறைக்கு அவர் ஊர் அணி அன்று தோற்றும் போயிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்த வைப்பருக்கு 1911-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார்.

மின்சார வைப்பருக்கு 1917-ல் காப்புரிமை வாங்கிய சார்லட் பிரிட்ஜ்வுட், மௌனப்பட நட்சத்திரம் ஃபுளோரன்ஸ் லாரன்ஸின் அம்மா! அதில் ரப்பர் பட்டைக்குப் பதில் உருளைகள்.

மேட்டில் ஏறினால் தூங்கும் வைப்பர்!

எல்லா வைப்பரும் மின்சாரத்தில் ஓடியது என்று நினைத்தீர்களா? அமெரிக்கக் கார்களில் நெடுங்காலம் வைப்பரை ஓட்டியது எது தெரியுமா? வெற்றிடம்! என்ஜின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வைப்பர் மோட்டாரை ஆட்டினார்கள். மோட்டார் என்று சொன்னாலும் உள்ளே செம்பும் இல்லை, காந்தமும் இல்லை. அரைவட்டப் பெட்டிக்குள் ஒரு துடுப்பு, அவ்வளவே.

இதில் ஒரு கூத்து. ஆக்சிலேட்டரை விட்டால் உறிஞ்சல் அதிகம், வைப்பர் பேய் மாதிரி ஆடும். மிதித்தால் உறிஞ்சல் குறையும், வைப்பர் தூங்கிவிடும்! அதாவது கொட்டும் மழையில், மேட்டில், லாரியை முந்தப் போகும் அந்த நொடியில் வைப்பர் நின்றுவிடும். இப்படி ஒரு அமைப்பை 1970-களின் தொடக்கம் வரை விற்றார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பிற்காலத்தில் பெட்ரோல் பம்போடு ஒரு வெற்றிட பம்பையும் ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். இதை ரிப்பேர் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது ரப்பர் குழாயில் விரிசல். குழாய் கிழிந்தால் வைப்பரும் மந்தம், என்ஜினும் ஐடிலில் தடுமாறும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து, ஒரு முழம் புதுக் குழாய்!

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஆரம்ப கால சிட்ரோயென் 2சிவி-யில் வைப்பரை ஓட்டியது ஸ்பீடோமீட்டர் கேபிள்! கார் வேகமாகப் போனால் வைப்பரும் வேகம், சிக்னலில் நின்றால் வைப்பரும் நின்றுவிடும். அப்போது துடைக்க வேண்டுமா? உள்ளே குமிழைக் கையால் சுற்ற வேண்டியதுதான். 1960-களின் லிங்கன் கான்டினென்டலிலோ பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தம் வைப்பரை ஓட்டியது.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சியது எது தெரியுமா? ஸ்டெப்னி டயரின் காற்று! தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு குழாய் ஸ்டெப்னிக்குப் போகும். தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தால் மெக்கானிக் ஸ்டெப்னிக்குக் காற்றடிப்பார்! டயர் காற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பஞ்சரான நேரத்தில் ஸ்டெப்னி சப்பையாக இருந்தால் தாங்குமா?

கண் சிமிட்டிய வைப்பர்!

விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரின் கதை ஒரு கல்யாண ராத்திரியில் தொடங்குகிறது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ் 1953-ல் முதலிரவில் ஷாம்பெயின் பாட்டிலைத் திறக்க, மூடி பறந்து வந்து இடது கண்ணில் அடித்தது. பார்வை பாழானது. தூறலில் கார் ஓட்டும்போது ஓயாமல் ஆடும் வைப்பர் அவர் கண்ணைக் கூசவைத்தது. நம் இமை ஓயாமலா அடிக்கிறது? தேவைப்படும்போதுதானே சிமிட்டுகிறது? 1960-களில் டிரான்சிஸ்டர், கெபாசிட்டர் வைத்து, ஒரு சிமிட்டல், ஒரு இடைவேளை என்று ஓடும் வைப்பரை உருவாக்கினார். ஃபோர்டுக்குக் காட்டினார். 1967-ல் காப்புரிமை வந்தது. 1969-ல் ஃபோர்டு தானே அப்படியொரு வைப்பரை வெளியிட்டது! கேர்ன்ஸ் 1978-ல் வழக்குப் போட்டு, 12 வருஷம் கழித்து 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். கிரைஸ்லரோடும் மோதி, பெரும்பாலும் தானே வாதாடி ஜெயித்தார்.

1970-ல் வந்த சிட்ரோயென் எஸ்.எம். இன்னும் விவகாரம். மழை எவ்வளவு பெய்கிறது என்று தானே கண்டுபிடித்து வைப்பரை ஓட்டியது! கண்ணாடியில் சென்சார் எதுவும் கிடையாது. வைப்பர் மோட்டார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்த்தார்கள். கண்ணாடி ஈரமாக இருந்தால் வழுக்கும், குறைவாக இழுக்கும். காய்ந்திருந்தால் உரசும், அதிகமாக இழுக்கும். அவ்வளவுதான் ரகசியம்!

பாயும் எங்களிடம் இதையேதான் செய்தார். மோட்டார் ஒயரில் ஆம்மீட்டரை மாட்டினார். இந்த வகை லூகாஸ் மோட்டார் சாதாரணமாக 2.7-லிருந்து 3.4 ஆம்பியர் வரை இழுத்து, நிமிஷத்துக்கு 45-லிருந்து 50 தடவை போய்வர வேண்டும். முள் துளிகூட அசையவில்லை என்றால் நோய் ஒயரில். முள் எகிறினால் நோய் குழாயில். அன்று முள் சரியாக மூன்றில் போய் நின்றது. கண்ணாடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சுவிட்சைப் போட விட்டார். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைச் சோதிக்கிறவனுக்கு அவரிடம் மன்னிப்பே கிடையாது.

எல்லாம் முடிந்தும் டகடகவென்று ஒரு குதிப்பு. ரப்பரைப் பாருங்கள் என்றார். நம் வெயிலில் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்த ரப்பர் அப்படியே கெட்டியாகிவிட்டிருந்தது. நல்ல ரப்பர், போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் சாய வேண்டும். இரண்டு ஓரத்திலும் திரும்பும்போது 'டக்' என்று மெல்ல ஒரு சத்தம் கேட்கும். அதுதான் ரப்பர் புரண்டு படுக்கும் சத்தம்! சாயாமல் முட்டிக்கொண்டு போனால்தான் குதிக்கும். புது ரப்பர் போட்டும் குதித்தால் வைப்பர் கைதான் முறுகியிருக்கும். இரண்டு பிளையரால் பிடித்து ஒரு நூல் அளவுக்குத் திருகினார். டக்... டக்... டக்.

பாயிடம் கேட்டேன், வழியில் வைப்பர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. பீடியைப் பிரித்து, புகையிலையை நனைத்து, கண்ணாடியில் தேய்க்கச் சொன்னார். லாரி டிரைவர்களின் பழைய உபாயம். புகையிலைச் சாறு பட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல், படலமாக வழிந்து ஓடிவிடும். நறுக்கிய உருளைக்கிழங்கும் செய்யும். வீடு போய்ச் சேரலாம், மெதுவாக.

கிளம்பும்போது நண்பர், கழற்றி ஷெல்ஃபில் வைத்திருந்த காரின் சொந்த மோட்டாரை எடுத்துவந்து காட்டினார். பாய் பேட்டரியில் இரண்டு ஒயரைத் தொட்டார். விர்ரென்று சுற்றியது.

"இதுவும் நல்ல மோட்டார்தான் சார்," என்றார் பாய்.